விற்பவர் மேல் பொறுப்பு வைக்காமல் இலங்கைக்கு மின்சாரக் கார் வருமா?

வெள்ளவத்தைவாசி (இழையைத் தொடங்கியவர்)

வாகன இறக்குமதி மீண்டும் திறந்த நாளிலிருந்து எங்கே போனாலும் ஒரே பேச்சு: ஹைபிரிட் எடுக்கிறதா, ஈவீ என்கிற மின்சாரக் கார் எடுக்கிறதா? கல்யாண வீட்டுப் பந்தியிலும் அதுதான், பாங்க் கியூவிலும் அதுதான். இந்தக் கேள்வியை நாம் தவறான ஆளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது என் கருத்து. வாங்குகிறவன் கையில் இருக்கிற காசுக்கும் கடையில் நிற்கிற வண்டிக்கும் இடையில்தான் தெரிவு செய்கிறான். கடையில் எது நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்கிறவன் வேறு ஆள்.

உலகத்தில் இதை முதலில் பிடித்தது கலிபோர்னியா. அங்குள்ள வளிமண்டல வளங்கள் சபை 1990 இல் பெரிய கார்க் கம்பனிகளுக்குச் சட்டமே போட்டது: 1998 இல் நீ விற்பதில் 2 வீதம் புகையே இல்லாத வண்டியாக இருக்க வேண்டும், 2001 இல் 5 வீதம், 2003 இல் 10 வீதம். கம்பனிகள் எதிர்த்தன. 1996 இல் சபை இறங்கி வந்து முதல் கட்டங்களைக் கைவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஈவீ1 கார்களை லீசிங்குக்குக் கொடுத்து, பிறகு திரும்ப வாங்கி, பெரும்பாலானவற்றை நசுக்கியே போட்டது. "பார், கட்டாயம் தோற்றது" என்று அப்போது சொன்னார்கள்.

ஆனால் சட்டத்தின் எலும்பு தப்பிவிட்டது. பங்கை நிரப்ப முடியாத கம்பனி, நிரப்பிய கம்பனியிடம் கிரெடிட் வாங்கலாம் என்பதுதான் அந்த எலும்பு. டெஸ்லா அதில் நின்றுதான் வளர்ந்தது. 2024 இல் மட்டும் இப்படியான கிரெடிட் விற்று அவர்களுக்கு வந்தது 2.7 பில்லியன் டொலருக்கு மேல். பழைய கம்பனிகள் தங்கள் போட்டியாளனுக்கே காசு கட்டின. பிறகு அவர்களும் மின்சாரக் கார் செய்யத் தொடங்கினார்கள். சீனா 2017 இல் இதே போன்ற கிரெடிட் முறையைக் கொண்டுவந்து 2019 இலிருந்து நடைமுறைப்படுத்தியது. இன்று அம்பாந்தோட்டைத் துறைமுகத்தில் வந்திறங்கும் சீன மின்சாரக் கார்களின் பின்னால் அந்தச் சட்டமும் இருக்கிறது.

நம் நாட்டுக்கு இது சரிவராது என்று உடனே சொல்லாதீர்கள். விற்பவர் மேல் கட்டாயம் வைத்து நாமும் வென்றிருக்கிறோம். 2002 இல் ஈயம் கலந்த பெற்றோல் நின்றது. "ஈயம் இல்லாதது போடுங்கள்" என்று சனத்திடம் யாரும் கெஞ்சவில்லை. ஈயம் கலந்தது பெற்றோல் செட்டுக்கு வரவே இல்லை, அவ்வளவுதான். 2008 இல் டூ-ஸ்ட்ரோக் ஓட்டோ இறக்குவதை நிறுத்தினார்கள். கொட்டாஞ்சேனைச் சந்தியில் அந்த நீலப் புகையில் நின்றவர்களுக்கு வித்தியாசம் தெரியும்.

இதற்கு நேர்மாறான உதாரணமும் நம்மிடமே இருக்கிறது. 2017 நவம்பரில் மங்கள சமரவீர வாசித்த வரவு செலவுத் திட்டத்தில், 2025 இற்குள் அரச வாகனங்கள் எல்லாம், 2040 இற்குள் நாட்டின் வாகனங்கள் எல்லாம் ஹைபிரிட் அல்லது மின்சாரம் என்றார்கள். 2025 முடிந்துவிட்டது. அமைச்சுகளின் வாசலில் டீசல் ஜீப்தான் நிற்கிறது. அந்த இலக்கை எட்டாவிட்டால் யார் பதில் சொல்வது, என்ன தண்டம் கட்டுவது என்று எங்கும் எழுதப்படவில்லை.

என் யோசனை: வாகனம் இறக்குமதி செய்பவர் ஒவ்வொருவரும் வருடத்தில் இறக்குவதில் இத்தனை வீதம் மின்சார வண்டியாக இருக்க வேண்டும் என்று சட்டம் வேண்டும். சிறிதாகத் தொடங்கி வருடா வருடம் கூட்டலாம். குறைந்தால் கிரெடிட் வாங்கு, இல்லாவிட்டால் கட்டணம் கட்டு. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.


பஞ்சிகாவத்தை பாஸ்

தம்பி, நல்லா எழுதியிருக்கிறீங்கள். ஆனா வண்டிய வித்த பிறகு என்ன நடக்குது எண்டு நாங்கதான் பாக்கிறோம்.

2014, 2015இல வந்த நிசான் லீஃப் மின்சாரக் கார் எத்தனை இப்ப மூலையில கிடக்குது தெரியுமா? அந்த 24 கிலோவாட்-மணி பற்றரிக்குள்ள 48 மொடியூல் இருக்கு. எல்லாம் ஒண்டோட ஒண்டு தொடர். அதில ஒண்டு பலவீனமாப் போனா மிச்சம் 47உம் நல்லா இருந்தும் பிரயோசனம் இல்ல, வண்டி மெல்ல மெல்லச் சுருங்கும். பற்றரியின்ர பலத்தைக் காட்ட டேஷ்போட்டில பன்னிரண்டு கோடு இருக்கும். கொழும்பு வெயில்ல, தண்ணிக் கூலிங் இல்லாத பற்றரி. கோடு ஒண்டொண்டா விழும். அமெரிக்காவில அரிசோனாப் பக்கம் வெயில்ல இதே பிரச்சினை வந்து, ஆக்கள் வழக்குப் போட்டு, கம்பனி ஒன்பது கோட்டுக்கு உத்தரவாதம் குடுத்தது. நமக்கு ஜப்பான்ல இருந்து ரீகண்டிஷனா, அதாவது பாவிச்ச வண்டியா வந்ததுக்கு யார் உத்தரவாதம் குடுக்கிறது? கொண்டு வந்தவன் கடைய மூடிற்றுப் போயிற்றான்.

நாங்க பற்றரியக் கழட்டி, ஒவ்வொரு மொடியூலா வோல்ட் பாத்து, கெட்டதை எடுத்துப் போட்டு, வேற அடிபட்ட லீஃபில இருந்து எடுத்த மொடியூலப் போடுறோம். மேல இருக்கிற செப்புப் பட்டையில பச்சைப் பூஞ்சணம் மாதிரிப் பிடிச்சிருக்கும், அதை உரசித் துடைச்சு முறையான இறுக்கத்தில திரும்ப முடுக்க வேணும். கொஞ்சம் தளர்வா இருந்தாலும் அந்த இடம் சூடாகும். இதுக்கு றப்பர் கையுறை, தனிச் சாவி எல்லாம் வேணும். முந்நூற்றைம்பது வோல்ட்டுக்கு மேல, விளையாட்டு இல்ல. இதைப் படிப்பிச்சுத் தர ஆள் இல்ல, நாங்களே பாத்துப் பழகினது. டித்வா புயல் வெள்ளத்துக்குப் பிறகு கொலன்னாவப் பக்கம் இருந்து தண்ணி ஏறின ஹைபிரிட், ஈவீ எல்லாம் இழுத்துக்கொண்டு வந்தாங்கள். பாதி கராஜ்காரன் தொடவே பயப்பட்டான். பயந்தது சரி.

சட்டம் போடுறது நல்லது. ஆனா "இத்தனை வீதம் வில்" எண்டு மட்டும் எழுதினா பங்கை நிரப்ப எதையாவது கொண்டு வந்து தள்ளுவான். வித்தவன் எட்டு வருசத்துக்குப் பற்றரிக்குப் பொறுப்பு, ஸ்பெயார் வைக்க வேணும், கராஜுக்கு சேர்விஸ் புத்தகமும் கம்ப்யூட்டர் கருவியும் தர வேணும் எண்டு அதே சட்டத்தில எழுதுங்க. கம்பனி தன்ர வேர்க்‌ஷொப்பில மட்டும்தான் திறக்கலாம் எண்டு பூட்டு வச்சா பஞ்சிகாவத்தை முழுக்கப் பட்டினி.


இறக்குமதி மேசை

நான் ஜப்பான் ரீகண்டிஷன் வாகனம் இறக்கும் ஒரு சின்ன இடத்தில் வேலை. எல்சி (வங்கியில் திறக்கும் நாணயக் கடிதம்) திறப்பது முதல் சுங்கத்தில் வண்டியை எடுப்பது வரை என் மேசையில்தான் நடக்கும். ஆகவே மறுபக்கத்தைச் சொல்கிறேன்.

வெள்ளவத்தைவாசி சொல்லும் சட்டம் கார் செய்கிற கம்பனிக்காக எழுதப்பட்டது. கம்பனி தன் தொழிற்சாலையில் எதைச் செய்வது என்று தீர்மானிக்கலாம். நாங்கள் ஜப்பான் ஏலத்தில் வருவதைத்தான் எடுக்கலாம். ஜப்பானில் விற்கும் புதுக் கார்களில் மின்சாரம் இரண்டு வீதமளவில்தான். அங்கே விற்பனைக் கட்டாயமும் கிடையாது. 2035 இற்கான அவர்களுடைய இலக்கில் ஹைபிரிட்டும் சேர்த்தி. போதாததற்கு இங்கே மூன்று வருடத்துக்கு மேற்பட்ட கார் இறக்க முடியாது. அந்த ஏலத்தில் மூன்று வருடத்துக்குட்பட்ட, நல்ல பற்றரி உள்ள மின்சாரக் கார் எத்தனை வரும் என்று நினைக்கிறீர்கள்?

அப்படியானால் இந்தச் சட்டத்தின் விளைவு என்ன? சீனாவிலிருந்து புது வண்டி கொண்டு வரும் நான்கைந்து பெரிய முகவர்கள் தானாகவே பங்கை நிரப்பிவிடுவார்கள். எங்களைப் போன்ற நூற்றுக்கணக்கான சின்ன இடங்கள் அவர்களிடம் போய்க் கிரெடிட்டுக்குக் கை நீட்ட வேண்டும். கலிபோர்னியாவிலே பெரியவன் சின்னவனுக்குக் கட்டினான். இங்கே சின்னவன் பெரியவனுக்குக் கட்டப் போகிறான்.

இன்னொன்று, இந்த நாட்டில் சட்டத்தை நம்பித் தொழில் செய்த அனுபவம். 2014 இலும் 2015 இலும் மின்சாரக் காருக்கு வரி மிகக் குறைவு. நாங்களும் லீஃப் கொண்டு வந்தோம். 2015 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் வரியை ஒரே இரவில் ஏற்றினார்கள். முற்பணம் வாங்கி வைத்த வாடிக்கையாளருக்கு நான் போன் எடுத்துச் சொன்ன வார்த்தைகள் இன்றும் ஞாபகம். 2020 மார்ச்சில் இறக்குமதியையே மூடினார்கள். டொலர் இல்லை, காரணம் விளங்கியது. ஆனால் கிட்டத்தட்ட ஐந்து வருடம் எங்கள் ஷோறூமில் கதிரைதான் இருந்தது. இப்போது மோட்டாரின் கிலோவாட்டையும் வண்டியின் வயதையும் வைத்து உற்பத்தி வரி. 2025 இல் அந்தக் கிலோவாட்டைக் கணக்கிடுவதிலேயே தகராறு வந்து மின்சாரக் கார்கள் கூட்டமாகத் துறைமுகத்தில் முடங்கின. இந்த நிலையில் பத்து வருட அட்டவணை ஒன்றை நான் நம்ப வேண்டுமா?


லண்டன் மழை

நான் வெள்ளவத்தையில பிறந்து வளந்தவன், இப்ப லண்டனில ஒரு கார் விற்பனை இடத்திலதான் வேலை. இங்க 2024 தை மாதத்தில இருந்து இந்தச் சட்டம் நடக்குது. விக்கிற புதுக் காரில மின்சாரம் முதல் வருசம் 22 வீதம், 2025இல 28, 2026இல 33, 2030இல 80. குறைஞ்சா ஒவ்வொரு காருக்கும் 15,000 பவுண் எண்டுதான் தொடங்கினவை, பிறகு 12,000 ஆக்கிப் போட்டினம்.

முதல் வருசம் புதுக் காரில மின்சாரம் 19.6 வீதம்தான் போனது. 22 வரேல்லை. அப்ப எல்லாரும் தண்டம் கட்டினவையோ எண்டு கேட்டால், இல்லை. பெற்றோல், ஹைபிரிட் காரின்ர சராசரிப் புகையைக் குறைச்சால் அதையும் கணக்கில சேக்கலாம், அடுத்த வருசத்துப் பங்கில கடன் வாங்கலாம், கம்பனியள் சேந்து ஒரு குழுவா நிக்கலாம். சட்டத்துக்குள்ளயே மூச்சு விட இடம் வைச்சிருக்கினம்.

விற்பனை மேசையில நான் கண்டது என்னெண்டால், வருசக் கடைசி வரேக்க மின்சாரக் காருக்குக் கழிவு கூடும். கம்பனி மேலிடத்தில இருந்து "இந்த மொடல் இத்தனை போக வேணும்" எண்டு சொல்லும். வாடிக்கையாளர் சட்டத்தைப் பற்றி ஒண்டும் அறியாமலே மலிவாக் கொண்டு போவார். அந்த முதல் வருசம் விலை இறங்கினதுக்கு அரசாங்கம் காசு குடுக்கேல்லை, கம்பனி குடுத்தது. இலங்கை மாதிரி மானியம் குடுக்கக் காசில்லாத நாட்டுக்கு இதுதான் இதில பெரிய விசயம் எண்டு எனக்குப் படுது.

ஆனால் பாஸ் அண்ணை சொன்னதுக்கு நானும் கை உயத்துறன். இங்க கம்பனி எட்டு வருசப் பற்றரி உத்தரவாதம் தருது, கேள்வி கேக்க ஆள் இருக்கு. அது இல்லாமல் வீதத்தை மட்டும் கொப்பி அடிக்க வேண்டாம்.


வெள்ளவத்தைவாசி

இறக்குமதி மேசைக்கு: நீங்கள் சொன்ன பிரச்சினையை முன்னாலேயே சந்தித்த நாடு நியூசிலாந்து. அங்கேயும் கார் செய்யும் கம்பனி கிடையாது, அங்கேயும் வலப்பக்க ஸ்டியரிங், அங்கேயும் பாதி வண்டி ஜப்பான் பழையது. 2023 தொடக்கத்திலிருந்து அவர்கள் பொறுப்பை இறக்குமதியாளர் மேல் வைத்தார்கள். புதுசு, பழசு இரண்டுக்கும்தான். "மின்சாரம் இத்தனை வீதம்" என்று கேட்காமல், ஒவ்வொரு வண்டியின் புகை அளவையும் ஓர் இலக்கோடு ஒப்பிட்டார்கள். அதற்குக் கீழே வந்தால் கிரெடிட், மேலே போனால் கட்டணம். பழைய வண்டி இறக்குபவருக்குப் புதியதில் பாதிக் கட்டணம்தான் வைத்தார்கள். நல்ல ஹைபிரிட் இறக்கும் சின்னக் கடைக்காரனும் கிரெடிட் சேர்க்கலாம். பின்னால் வந்த அரசாங்கம் இதைத் தளர்த்தியது, ஆனால் வடிவம் நமக்குப் பொருந்தும் என்றே நினைக்கிறேன். அக்குவா ஹைபிரிட் இறக்குபவரையும் பெரிய வி8 ஜீப் இறக்குபவரையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பதில் நான் உங்களோடு.

பாஸ் அண்ணா சொன்ன பற்றரிப் பொறுப்பும் ஸ்பெயாரும் என் முதல் பதிவில் இல்லை. இருக்க வேண்டும். எட்டு வருடம் என்பதே சரியான கணக்கு.


ஓய்வுபெற்ற பொறியியலாளர்

நான் மின்சாரத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். இங்கே ஒருவரும் இன்னும் தொடாத இடத்தைத் தொடுகிறேன்: சார்ஜ் எந்த நேரத்தில் போடுவீர்கள்?

ஒரு சாதாரண மின்சாரக் கார் நூறு கிலோமீற்றருக்குச் சுமார் 15 யூனிட் எடுக்கும். நுரைச்சோலை நிலக்கரியில் ஒரு யூனிட் உற்பத்தி செய்ய ஏறத்தாழ ஒரு கிலோ காபனீரொக்சைட்டு வெளியேறும். ஆகவே முழுவதும் நிலக்கரி என்றால் நூறு கிலோமீற்றருக்கு 15 கிலோ. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் 2.3 கிலோ. நூறு கிலோமீற்றருக்கு எட்டு லீற்றர் குடிக்கும் கார் 18 கிலோவுக்கு மேல் விடும். ஐந்து லீற்றரில் போகும் ஹைபிரிட் பதினொன்றரை. கணக்கு எல்லோருக்கும் விளங்கட்டும்: நிலக்கரியில் மட்டும் ஓடும் மின்சாரக் கார், நல்ல ஹைபிரிட்டிடம் தோற்கும்.

ஆனால் நம் நாடு நிலக்கரி மட்டும் அல்ல. லக்ஷபான, மகாவலி நீர், மன்னார் காற்று, கூரைச் சூரியன் எல்லாம் சேர்ந்த சராசரியில் அந்த 15 கிலோ ஏறக்குறைய பாதிக்கு இறங்கிவிடும். அப்போது மின்சாரக் கார் தெளிவாக வெல்லும். நண்பகலில் போட்டால் இன்னும் மேல்.

நண்பகலைப் பற்றித்தான் நான் பேச வந்தது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடே இருண்டதை எல்லோரும் குரங்குக் கதையாகத்தான் வைத்திருக்கிறார்கள். அன்று பகல் தேவை குறைவு, சூரிய மின்சாரம் அதிகம், சுழலும் பெரிய இயந்திரங்கள் குறைவு. சிறு அதிர்ச்சியைத் தாங்க வலையமைப்பில் அந்தச் சுழலும் பாரம் இல்லை. இரண்டு மாதம் கழித்துச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சூரியனை அணைத்து வையுங்கள் என்று மின்சார சபை மக்களிடம் கேட்டுக்கொண்டது. இலவசமாக விழும் மின்சாரத்தை வேண்டாம் என்று சொன்ன நாடு இது! அதே நாட்டில் மாலை ஆறரையிலிருந்து பத்தரை வரை உச்ச நேரம், டீசல் எரித்துத் தேவையைச் சமாளிக்கிறோம்.

இப்போது யோசியுங்கள். ஈவீ வாங்கியவர் வேலை முடிந்து ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து பிளக்கைச் செருகினால் அந்தக் கட்டாயச் சட்டம் நமக்குக் கூடுதல் எண்ணெய்க் கப்பல்தான். பகல் பன்னிரண்டுக்கு வேலைத்தளத்தில் நிற்கும் காருக்குச் சார்ஜ் ஏறினால், அணைக்கச் சொன்ன அந்தச் சூரியன்தான் காரில் ஓடுகிறது. ஆகவே இறக்குமதியாளர் மேல் விற்பனைப் பொறுப்பு வைப்பவர்கள், அலுவலகத் தரிப்பிடங்களுக்கும் பகல் நேர மலிவுக் கட்டணத்துக்கும் அதே வரைவில் இடம் வைக்க வேண்டும். நேர அடிப்படைக் கட்டணத்தில் இரவு பத்தரைக்குப் பிறகுதான் மலிவு என்ற முறை நீர் மின்சாரக் காலத்துக் கணக்கு. சூரியன் வந்த பிறகு அதை மாற்றியே ஆக வேண்டும். நான் பதவியில் இருந்தபோதும் இதைத்தான் எழுதினேன், இப்போதும் இதைத்தான் சொல்கிறேன்.


மட்டக்குளி த்ரீவீல்

அண்ணாமார் எல்லாரும் கார் கார் எண்டு கதைக்கிறீங்க. ரோட்டுல நிக்கிறது நாங்க. பத்து இலட்சத்துக்கு மேல ஓட்டோ பதிவுல இருக்கு. ஒரு கார்க்காரர் காலையில ஒபிஸ் போய்ப் பின்னேரம் வருவார். நான் காலையில இருந்து இரவு வரைக்கும் ஓடிட்டே இருக்கேன். புகை யார்ட கூட?

2022இல பெற்றோல் தட்டுப்பாட்டுல கியூஆர் பங்கீடு வந்தப்ப எங்களுக்கு வாரத்துக்கு 5 லீற்றர். அந்த அஞ்சு லீற்றர் ஒரு நாள் ஹயருக்குத்தான் காணும். மிச்ச நாள் வீட்டுல இருக்கிறதா, செட் வாசல்ல படுக்கிறதா? செட்லதான் படுத்தோம். புள்ளைக்கு டியூஷன் காசு குடுக்க ஏலாமப் போச்சு. அந்த நேரம் எங்க லேன்ல ஒருத்தர் மட்டும் பற்றரி ஓட்டோ வச்சிருந்தார். அவருக்கு ஹயர் மேல ஹயர். அதப் பாத்த நாள்ல இருந்து எனக்கும் மின்சார ஓட்டோதான் மனசுல.

பிரச்சினை என்ன தெரியுமா? லீசிங். பெற்றோல் ஓட்டோவுக்கு உடனே குடுக்கிறான், திரும்ப வித்தா விலை இருக்கு எண்டு தெரியும். மின்சார ஓட்டோவுக்குக் கேட்டா மேல கீழ பாக்கிறான், வட்டி கூடச் சொல்றான், முற்பணம் கூடக் கேக்கிறான். பற்றரி போனா வண்டிக்கு விலை இல்ல எண்டு அவனுக்குப் பயம். பழைய ஓட்டோவுக்கு மோட்டார் போட்டு மாத்திற திட்டம் ஒண்டு ஐ.நா. அபிவிருத்தித் திட்டத்தோட சேர்ந்து அரசாங்கம் செஞ்சது, நல்ல வேலை, ஆனா கொஞ்சப் பேருக்குத்தான் கிடைச்சுது.

சட்டம் போடுறதா இருந்தா முதல்ல ஓட்டோ இறக்கிறவங்க மேல போடுங்க. டூ-ஸ்ட்ரோக்க நிப்பாட்டினப்ப நாங்க செத்தா போனோம்? கொண்டு வந்தத ஓட்டினோம். இப்பவும் கொண்டு வந்தா ஓட்டுவோம். ஆனா பற்றரிய வண்டியோட சேத்து என் தலையில கட்டாம, மாத்திப் போடுற பற்றரியா வாடகைக்குத் தாங்க. மோதரையில ஒரு இடம், மருதானையில ஒரு இடம், அஞ்சு நிமிசத்துல மாத்திட்டு அடுத்த ஹயர் போறேன். அப்ப லீசிங்காரனுக்கும் பயம் இருக்காது.


ஏழாம் மாடி

வெள்ளவத்தையில் ஃபிளாட்டில் இருக்கிறேன். ஈவீ வாங்க ஆசைப்பட்டு முகாமைத்துவக் குழுவிடம் தரிப்பிடத்தில் பிளக் பொயின்ட் ஒன்று கேட்டோம். தீப்பிடிக்கும் என்றார்கள், பொதுக் கரண்ட் பில்லில் வரும் என்றார்கள், மற்றவர்களும் கேட்பார்கள் என்றார்கள். கடைசியில் ஹைபிரிட்தான் எடுத்தோம்.

கொழும்பில் ஈவீ வாங்கும் வசதி உள்ளவர்களில் எத்தனை பேர் தனி வீட்டில் இருக்கிறார்கள்? விற்பவருக்குக் கட்டாயம் வையுங்கள், சரி. புதிதாக ஃபிளாட் கட்டுபவருக்கும் ஒவ்வொரு தரிப்பிடத்துக்கும் வயர் இழுத்து வைக்கக் கட்டாயம் வையுங்கள். கட்டும்போது செய்தால் ஒரு குழாய்ச் செலவு, பிறகு செய்தால் சுவரை உடைக்க வேண்டும். பொறியியலாளர் ஐயாவிடம் ஒரு கேள்வி: எங்கள் வீட்டு மீட்டரிலிருந்தே தரிப்பிடத்துக்கு வயர் இழுக்கலாமா? சாதாரணக் கனெக்‌ஷன் தாங்குமா?


காலி முகத்திடல்

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கொண்டு வந்த நாடுகளே பின்வாங்குகின்றன. 2025 ஜூனில், 2035 இல் புதுக் கார் எல்லாம் புகையற்றதாக வேண்டும் என்ற கலிபோர்னியாச் சட்டத்துக்கான அனுமதியை அமெரிக்கக் கொங்கிரஸ் நீக்கி டிரம்ப் கையொப்பமிட்டார். செப்டெம்பரில் கனடா தன் 2026 இலக்கை நிறுத்தி வைத்தது. டிசெம்பரில் ஐரோப்பிய ஆணைக்குழு 2035 இல் புதுக் கார்களின் புகையை நூறு வீதம் குறைப்பது என்பதைத் தொண்ணூறாக்க யோசனை வைத்தது. பணக்கார நாடுகள் சுமக்க முடியாததை, கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் 2022 இல் விழுந்த நாம் சுமப்பதா? குறைந்த விலையில் பெற்றோல் கார் வாங்கும் உரிமையையாவது நடுத்தர ஆளுக்கு விடுங்கள்.


வெள்ளவத்தைவாசி

காலி முகத்திடல், நீங்கள் சொன்ன செய்திகள் எல்லாம் சரி. கலிபோர்னியா அதை எதிர்த்து வழக்குப் போட்டதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த மூன்று இடத்திலும் எதிர்ப்பு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பெற்றோல் என்ஜின் செய்யும் தொழிற்சாலை, அதில் வேலை செய்யும் ஆயிரக்கணக்கானோர், சொந்த எண்ணெய்க் கிணறு. நமக்கு இந்த மூன்றில் எது இருக்கிறது? நமக்குச் சொந்தமானது லக்ஷபானத் தண்ணீரும் மன்னார்க் காற்றும்தான். எண்ணெய் ஒவ்வொரு துளியும் டொலர்.

நம்மோடு ஒப்பிட வேண்டியது நேபாளத்தை. 2015 இல் இந்திய எல்லை மறிக்கப்பட்டு எரிபொருள் இல்லாமல் தவித்தார்கள். பிறகு மின்சார வண்டிக்கு வரியைக் குறைத்தார்கள். 2024/25 நிதியாண்டில் அவர்கள் இறக்கிய பயணிகள் கார்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று மின்சாரம். நீர் மின்சாரம் அவர்களிடமும் உண்டு, பணக்கார நாடும் கிடையாது. எதியோப்பியா இன்னும் கடுமையாகப் போனது. 2024 இல் பெற்றோல், டீசல் கார் இறக்குமதியையே தடை செய்தது, காரணம் டொலர்தான். அந்த அளவுக்குப் போகச் சொல்லவில்லை. திடீர்த் தடை என்றால் என்னவென்று நமக்கு 2020 இலேயே தெரியும்.

நடுத்தர ஆளின் உரிமை என்கிறீர்கள். 2022 இல் செட் வாசலில் இரவு முழுக்கக் கிடந்தவனிடம் பெற்றோல் கார் வாங்கும் உரிமை இருந்தது. பெற்றோல்தான் இல்லை. மட்டக்குளி அண்ணா எழுதியதை இன்னொரு தடவை வாசியுங்கள்.


இறக்குமதி மேசை

நியூசிலாந்து முறை என்றால் நான் உட்கார்ந்து பேசத் தயார். புகை அளவில் கணக்கு, பழைய வண்டிக்குத் தனி விகிதம், சின்ன இறக்குமதியாளருக்கு முதல் சில வருடம் சலுகை. பற்றரிப் பொறுப்பும் ஏற்கலாம், ஆனால் ரீகண்டிஷன் காருக்கு எட்டு வருடம் எங்களால் முடியாது. கப்பலில் ஏற்ற முன் ஜப்பானில் பற்றரியின் ஆரோக்கிய வீதத்தைச் சோதித்துச் சான்றிதழ் இணைக்க வேண்டும், அது இல்லாத வண்டியைச் சுங்கம் விடக் கூடாது என்று எழுதுங்கள். மைலேஜைத் திருப்புகிற ஆட்களைப் போல நாளை பற்றரி வாசிப்பைத் திருப்புகிற ஆட்களும் வருவார்கள்.

என் ஒரே நிபந்தனை: எல்சி திறந்த திகதியில் என்ன சட்டமோ அதுதான் அந்த வண்டிக்கு. கப்பல் கடலில் இருக்கும்போது வரி மாறக் கூடாது. இந்த ஒரு வரியைச் சட்டத்தில் போட்டுக் காட்டினால் எங்கள் ஆட்களில் பாதிப் பேர் எதிர்ப்பைக் கைவிடுவார்கள்.


பஞ்சிகாவத்தை பாஸ்

சான்றிதழ் நல்ல யோசனை. ஆனா மொத்த வீதம் மட்டும் போட்டா காணாது. ஒவ்வொரு மொடியூலின்ர வோல்ட்டும் அதில இருக்க வேணும். மொத்தம் 85 வீதம் எண்டு காட்டும், உள்ள ஒரு மொடியூல் செத்துக்கொண்டிருக்கும். ஸ்கான் கருவியப் போட்டா அஞ்சு நிமிசத்தில அந்தப் பட்டியல் வரும், ஒளிக்க ஏலாது.


ஓய்வுபெற்ற பொறியியலாளர்

ஏழாம் மாடி தங்கச்சிக்கு: சாதாரண வீட்டு இணைப்பு 30 அம்பியர், ஒற்றைக் கட்டம். 230 வோல்ட்டில் அது சுமார் 7 கிலோவாட். கம்பனி தரும் 7 கிலோவாட் சுவர்ச் சார்ஜரைப் போட்டால் அது மட்டுமே முழுவதையும் குடித்துவிடும். ஏசியும் குக்கரும் சேர்ந்தால் பிரேக்கர் விழும். உங்களுக்கு அது தேவையும் இல்லை. 10 அம்பியரில் மெல்லப் போடும் சார்ஜர் போதும், 2.3 கிலோவாட்தான். பத்து மணித்தியாலத்தில் 23 யூனிட், அதாவது நூற்றைம்பது கிலோமீற்றர். கொழும்புக்குள் ஓட அது தாராளம்.

உங்கள் மீட்டரிலிருந்து தரிப்பிடத்துக்குத் தனி வயர் இழுக்கலாம். அதற்குத் தனி பிரேக்கரும் மின்கசிவுப் பாதுகாப்பும் வேண்டும், ஏழு மாடி இறக்கம் என்பதால் தடித்த வயர் போட வேண்டும், எர்த் கட்டாயம். அனுமதிபெற்ற மின்னியலாளர் வரைந்து கையொப்பமிட்ட படத்தோடு குழுவிடம் திரும்பப் போங்கள். பில் உங்கள் மீட்டரில்தான் வரும் என்பதால் பொதுக் கரண்ட் என்ற ஆட்சேபம் அங்கேயே முடிந்துவிடும். தீ பற்றிப் பயந்தவர்களிடம் அந்தப் படத்தில் பாதுகாப்புப் பிரேக்கர் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுங்கள். படத்தை இங்கே போட்டால் நானும் பார்த்துச் சொல்கிறேன்.